ஆவன்னா பாடிய துண்டுகள்

கரட்டுப்பாளையத்துத் துண்டுகள் உயிரெழுத்துப் பாடத் தொடங்கிய வருஷத்தில் மழை பொய்த்தது, நூல் விலை ஏறியது, கூலி உயர்வு கேட்டுப் போனவர்களிடம் முதலாளிமார் சங்கம் தை பிறக்கட்டும் பார்க்கலாம் என்றது. எல்லா வருஷத்தையும் போலத்தான் அந்த வருஷமும் நடந்தது என்பதால், துண்டு பாடுகிறது என்ற சேதி வந்தபோது அதற்காக யாரும் தறியை நிறுத்தவில்லை.

அந்த ஊரில் தறி நிற்பது சாவுக்கும் மின்வெட்டுக்கும் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் சந்துக்குச் சந்து பட்டறை, பட்டறை நிறைய விசைத்தறி, தறிக்குத் தறி இரும்பு இரும்போடு மோதும் சத்தம் என்று ஊர் இடிபட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்குள் பிறந்து, அந்தச் சத்தத்துக்குள் பாதிச் செவிடாகி, அந்தச் சத்தத்துக்குள்ளேயே செத்துப்போகிற ஜனங்கள் சண்டை போடுவதும் காதல் சொல்வதும் ஒரே குரலில்தான்; கத்தாமல் ஒரு வார்த்தையும் போய்ச் சேராது என்பதால் ரகசியம் என்ற ஒன்று அங்கே ஒரு வேளைகூடத் தங்கியதில்லை. அப்பேர்ப்பட்ட ஊரில் தறிச் சத்தத்துக்கு மேலே எழும்பி நிற்கும் குரல் ஒன்றே ஒன்று இருந்தது. அது பாவாயியின் குரல்.

பாவாயி தறிக்காரர்கள் சங்கத்தில் கோஷம் போட்டவள். ஊர்வலத்தின் முன்னால் அவள் ஒரு வரி கூப்பிட்டால் பின்னால் ஊரே அந்த வரியைத் திருப்பிக் கொடுக்கும். தறிக்கு நூல்தார் சுற்றப் போன குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு என்று விடியற்காலையில் பட்டறை வாசல்தோறும் நின்று அவள் கூப்பிட்ட கூப்பாட்டில்தான், நூல் உருளைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பொடிசுகளை முதலாளிமார் வெளியே விட்டார்கள். அது ஒன்றுதான் அவள் ஜெயித்தது. அதற்குப் பிறகு வந்த பெரிய வேலைநிறுத்தம் தோற்றது. தோற்றதும் கொடி பிடித்தவன் பட்டறை வைத்தான், உண்டியல் குலுக்கியவன் கவுன்சிலர் ஆனான், மேடையில் பேசியவன் பேசிப் பேசியே சென்னைக்குப் போய்விட்டான், பாவாயிக்கு மட்டும் எந்தப் பட்டறையிலும் தறி இல்லை என்று ஆனது. லைன் வீட்டில் ஒற்றை அறையில் உட்கார்ந்து கழிவு நூலைச் சிக்கெடுத்துக் கொடுத்து அவள் கஞ்சி குடித்தாள். பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் அவள் வாயைத் திறந்ததும் எழுந்து போனார்கள் என்று ஊர் சொல்லும். உட்காரச் சொல்லியிருந்தால்தானே எழுந்து போவதற்கு என்று அவள் சொல்வாள். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். ஆயிரம் பேர் பதில் சொன்ன குரலுக்கு அந்த அறையின் சுவர்கூடப் பதில் சொன்னதில்லை, பக்கத்துப் பட்டறையின் அதிர்ச்சியில் அதற்கே நடுங்க நேரம் போதவில்லை.

குழந்தைகள் பட்டறையை விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்களே தவிர, வந்த இடத்திலும் பட்டறைதான் கேட்டது. இரண்டாம் வகுப்பிலிருந்து மேலே கரட்டுக்கு அந்தப் பக்கம், பாறைக்குன்று சத்தத்தை மறித்து நிற்கும் இடத்தில், புதுக் கட்டடத்தில் நடந்தது. ஒன்றாம் வகுப்பு மட்டும் ஊருக்குள், அர்த்தநாரி என்பவனின் பட்டறைச் சுவரை ஒட்டிய பழைய கட்டடத்தில். அங்கே பாடம் எடுத்த தணிகாசலம் வாத்தியார் நல்ல மனுஷர், குரல் சின்னது. பலகையில் எழுதி வாயைத் திறந்து திறந்து மூடுவார், குழந்தைகள் குளத்து மீனைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் அவர் லைன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பாவாயி, எனக்குத் தொண்டை போச்சு. உனக்கு இருக்கிறது தொண்டையா சங்கான்னு தெரியல. வந்து சித்த நேரம் இந்த ஒண்ணாப்பை மேய்ச்சுக் குடேன்."

"நான் படிச்சதெல்லாம் சங்கத்து நோட்டீசுங்க சார்."

"நோட்டீசுலயும் இதே எழுத்துதானே இருக்குது?"

அவள் போனாள். போய் நின்ற பிறகுதான், பாடம் நடத்துவது எப்படி என்று தனக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தது ஒன்றுதான், கூப்பிடுவது. சுவருக்கு அப்பால் தறிகள் டக்கா டக்கு, டக்கா டக்கு என்று அடித்த அடியையே தாளமாக எடுத்துக்கொண்டு, வலது கையை மேலே தூக்கி, அவள் கூப்பிட்டாள்.

"அனாவும் ஆவன்னாவும் ஆத்துக்குப் போச்சு!"

குழந்தைகள் திகைத்தார்கள். பட்டறை வாசலில் அவள் கூப்பிட்ட கதையை வீட்டில் கேட்டிருந்த ஒரு பொடிசு முதலில் கையைத் தூக்கியது. அப்புறம் எல்லாக் கையும் எழும்பின.

"போச்சு! போச்சு!"

"இனாவும் ஈயன்னாவும் இட்டேரியில நின்னுச்சு!"

"நின்னுச்சு! நின்னுச்சு!"

"உனாவும் ஊவன்னாவும் ஊட்டுக்கு வந்துச்சு!"

"வந்துச்சு! வந்துச்சு!"

எனாவும் ஏயன்னாவும் ஏணி மேல ஏறுச்சு, ஒனாவும் ஓவன்னாவும் ஓட்டு மேல குந்துச்சு என்று உயிரெழுத்தெல்லாம் ஊர்வலம் போய் முடிவதற்குள் குழந்தைகள் வியர்த்துச் சிரித்தார்கள். அவள் பலகையில் ஆவன்னாவைத் தொட்டால் அவர்கள் ஆற்றுக்குப் போனார்கள், ஊவன்னாவைத் தொட்டால் வீட்டுக்கு வந்தார்கள். அன்று சாயந்தரம் பாவாயி வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள் என்றால், அது துக்கத்தில் இல்லை. வெகு காலத்துக்குப் பிறகு ஒரு வரிக்கு மறுவரி வந்திருந்தது.

துண்டு பாடியது முதலில் வெளியூரில்தான். ஏதோ ஒரு ஊர்ச் சலூனில், சவரத்துக்கு உட்கார்ந்த ஆளின் கழுத்தில் போடுவதற்காகப் புதுத்துண்டை உதறினார் கடைக்காரர், துண்டு, "அனாவும் ஆவன்னாவும் ஆத்துக்குப் போச்சு" என்று ஒரு பெண்ணின் குரலில் கூப்பிட்டு, "போச்சு! போச்சு!" என்று பொடிசுகளின் குரலில் தானே பதில் சொல்லிக்கொண்டது. உட்கார்ந்திருந்த ஆள், மீசை போய்விட்டதோ என்று தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு ஒரு சாவு வீட்டில், பிணத்தின்மேல் போர்த்தக் கோடித்துண்டை விரித்தபோது, "ஊட்டுக்கு வந்துச்சு! வந்துச்சு! வந்துச்சு!" என்றது. அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒரு கணம் நிறுத்தி, செத்தவரின் முகத்தைப் பார்த்து, வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு மறுபடி அழுதார்கள். அப்புறம் ஒரு பொதுக்கூட்டம். தலைவருக்குத் தொண்டர்கள் வரிசையாகத் துண்டு போர்த்தினார்கள். அவர் படியில் கால் வைக்கும்போது, "ஏறுச்சு! ஏறுச்சு!" என்றும், நாற்காலியில் அமரும்போது, "குந்துச்சு! குந்துச்சு!" என்றும் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு நேரத்தில் சொன்னது. அன்று அந்தக் கூட்டத்தில் சொல்லப்பட்டதில் உண்மை அந்த அளவுதான்.

துண்டு எங்கே நெய்தது என்று விசாரித்து வந்து பார்த்தால், அர்த்தநாரியின் பட்டறையில், பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டிய தறிகளில் இறங்கிய துண்டு மட்டும்தான் பாடியது. சுவர் வழியாகக் குழந்தைகள் பாட்டு கசிந்து வந்து ஊடை நூலோடு ஓடிச் சேர்ந்துவிடுகிறது என்று பட்டறை மேஸ்திரி சொன்னார். தூசி சேர்வதில்லையா, எண்ணெய்க் கறை சேர்வதில்லையா, அது மாதிரி. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் அப்படி. பெண்கள் பிள்ளைத்தாய்ச்சிக்குச் சீர் கொண்டுபோகும்போது பாடுகிற துண்டாக ஒன்று வைத்தார்கள். அதில் சுற்றிய குழந்தை 'அம்மா' சொல்வதற்கு முன்பே 'ஆவன்னா' சொன்னது. ராத்திரி ஷிஃப்டு பார்த்த கிழவர்கள் தோளில் கிடந்த துண்டை உதறி உதறி எழுத்துப் படித்து, பஸ் போர்டைத் தாமே வாசித்து ஏறி, வாசிக்கத் தெரிந்த சந்தோஷத்தில் இறங்க மறந்தார்கள். காற்றடித்தால் கொடிகளில் காயும் துண்டெல்லாம் ஒன்று ஆற்றுக்கும் ஒன்று இட்டேரிப் பாதைக்குமாகப் பாடும். நாய்கள் கொஞ்ச நாள் குரைத்துப் பார்த்து விட்டுவிட்டன. ஒரே ஒரு குறை, துவைக்கத் துவைக்கப் பாட்டு வெளுத்துப்போகும். வெளுத்தால் வேறு வாங்க வேண்டும். அந்தக் குறையில்தான் வியாபாரிகள் சொர்க்கத்தைக் கண்டார்கள்.

பாவாயியும் ஒரு துண்டை உதறிப் பார்த்தாள். தன் குரல் தன் கைக்கு வெளியே நின்று கூப்பிடுவதைக் கேட்டாள். கர்வப்பட்டாள், அதை மறைப்பானேன்? கோஷம் போட்டவர்களின் குரல் அன்றைக்கே காற்றோடு போய்விடும், கல்வெட்டு எல்லாம் உட்கார்ந்து பேசியவர்களுக்குத்தான். இவளுடைய குரலோ ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

அர்த்தநாரி பள்ளிக்கூடத்துக்கு வந்தான். பழைய ஊர்வலங்களில் அவளுக்கு நேர் பின்னால் கொடியோடு நின்று முதல் பதில் சொன்னவன் அவன்தான்; இப்போது பட்டறைக்காரன், சட்டைப் பையில் தங்கப் பேனா.

"பாவாயக்கா, இந்தச் சுவத்துல நாலு கல்லு உருவிக்கட்டுங்களா? காத்தோட்டமா இருக்கும், கொழந்தைகளுக்கு."

"காத்து எந்தப் பக்கம் போறதுக்குங்க முதலாளி?"

"நீங்க இன்னும் முதலாளின்னுதான் கிண்டல் பண்றீங்க."

"கிண்டல் இல்லீங்க. அதுதானே உங்க பேரு இப்ப?"

கல்லை உருவினார்கள். பட்டறையில் இருந்த தறியெல்லாம் அந்தச் சுவரோரமாக நகர்ந்து வந்தன. பிறகு மற்ற மூன்று சுவரை ஒட்டியும், வாசலுக்கு மட்டும் வழி விட்டு, புதுப் பட்டறைகள் எழும்பின. பழைய கட்டடம் தறிக்கு நடுவில் தீவு மாதிரி நின்றது. குழந்தைகள் உட்கார்ந்து பாடினால் குரல் ஓட்டைக்குக் கீழே போகிறது என்று நிற்க வைத்தார்கள். வேறு பாட்டு வேண்டுமே என்று பாவாயி மாதங்களின் பெயரை வைத்து ஒன்று கட்டினாள். அந்தத் துண்டுகள் அப்படியே திரும்பி வந்தன. பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஆவன்னாதான் வேண்டும், ஐப்பசி யாருக்கு வேண்டும் என்றார்கள் வியாபாரிகள். டேப் ரிக்கார்டரில் பிடித்து ஓட விட்டும் பார்த்தார்கள். துண்டு ஊமையாக இறங்கியது. மூச்சு இருந்தால்தான் நூல் பிடிக்கும் போல என்றார் மேஸ்திரி.

ஆக, மணி அடித்தால் ஆவன்னா, சோற்றுக்குப் பிறகு ஆவன்னா, மணி அடிக்கிற வரைக்கும் ஆவன்னா. குழந்தைகளுக்கு அது எப்போதோ தெரிந்துவிட்டிருந்தது. தெரிந்த பிறகும் பாடினார்கள்.

ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. மற்ற வகுப்பெல்லாம் ஒரு பெஞ்சு முன்னால் நகர்ந்தன. ஒன்றாம் வகுப்பு மட்டும் நின்ற இடத்தில் நின்றது. புதிதாகச் சேர்ந்த பொடிசுகளைக் கொஞ்ச நாள் பாட வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவை அழுதன, அழுகை நெய்த துண்டுகள் சந்தையில் இறங்கி வியாபாரிகள் முகம் சுளித்தார்கள். அதனால் பழகிய குழந்தைகள் இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும் என்று முடிவானது. முடிவு செய்த கூட்டத்துக்குப் பாவாயியைக் கூப்பிடவில்லை.

அவளுக்கு அதைச் சொன்னது தங்கமயில். அர்த்தநாரியிடம் தறி ஓட்டும் சின்னராசுவின் மகள், முன்வரிசையில் நிற்பவள், பல் விழுந்து முளைத்துவிட்டவள்.

"டீச்சரக்கா, ரெண்டாப்புல என்ன இருக்கும்?"

"கூட்டல் இருக்கும். கழித்தல் இருக்கும். கரட்டுக்கு அந்தப் பக்கம் போனா மெதுவாப் பேசினாலும் கேக்கும்."

"மெதுவான்னா எப்படி?"

பாவாயி அதைச் செய்து காட்டப் பார்த்தாள். தறிச் சத்தத்தில் உதடு மட்டும் அசைந்தது. குழந்தை சிரித்துவிட்டு, பிறகு, "நாங்க போக மாட்டமாம், அப்பா சொல்லுச்சு" என்றது.

தணிகாசலம் வாத்தியாரைக் கேட்டால், மேலிடம் என்றார். எந்த மேலிடம் என்றால், கூரையைப் பார்த்தார். சின்னராசுவைக் கேட்கப் போனாள். அவன் பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நீதானே கொழந்தைகளப் பட்டறையில இருந்து பள்ளிக்கூடத்துக்கு இழுத்துட்டுப் போனே? இப்பப் பட்டறையே பள்ளிக்கூடத்துக்கு வந்துருச்சு. இன்னும் உனக்கு என்னதான் வேணும்?"

"உன்ற புள்ளைக்கு ரெண்டாப்பு வேணும்."

"போகட்டும், அடுத்த வருசம் போகட்டும். ஓடியா போயிரும் அந்தக் கரடு? எத்தனையோ வருசம் நீ கோஷம் போட்டு வராத கூலி உசர்வு, எம்புள்ள ஆவன்னா சொல்லி வந்துருச்சுக்கா. பாடறது ஒரு வேலையா?"

"அதே பாட்டை நாளெல்லாம் நீ பாடு பாக்கலாம்."

"எனக்குப் பாடத் தெரிஞ்சா நான் எதுக்குத் தறிக்குப் போறேன்?" என்றான் அவன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர், ஒரு காலத்தில் அவள் கூப்பிட்ட வரிக்குத் தொண்டை கிழியப் பதில் சொன்னவர்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தோற்றவர்களுக்கு யாராவது கொஞ்சம் கொடுத்தால் கொடுத்தவன் யார் என்று பார்க்கிற தெம்பு இருப்பதில்லை, அவ்வளவுதான். பாவாயி அதை அறிவாள், அறிந்தும் மன்னிக்கவில்லை.

அவளுக்குத் தெரிந்த ஆயுதம் ஒன்றுதான் இருந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்து வாசற்படியில் வந்து உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டாள். அவள் கூப்பிட்டே பழகிய குழந்தைகளுக்குப் பதில் சொல்ல மட்டும்தான் தெரியும். முதல் வரி அவளுடையது, அது வராவிட்டால் பின்வரி எழும்பாது. அப்படியே ஆனது. குழந்தைகள் கையைத் தூக்கத் தயாராக நின்றார்கள், வரி வரவில்லை, கை இறங்கியது. நாலு பக்கத் தறியிலும் துண்டுகள் ஊமையாக இறங்கின. ஒருத்தியின் வேலைநிறுத்தம். ஊர்வலம் இல்லை, கொடி இல்லை, பந்தல் இல்லை, சோடா வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை. குழாயடிக்குப் போகும் பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சாயந்தரம் வரை உட்கார்ந்திருந்து எழுந்து போனாள், காலையில் மறுபடி வந்து உட்கார்ந்தாள். ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்றுதான் நினைத்தாள்.

அர்த்தநாரி அவளோடு சண்டை போடவில்லை. அவளுக்குப் பின்னால் அத்தனை காலம் நின்றவன். கூப்பிடும் குரல் என்பது என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு காலை, போன வருஷம் நெய்து, துவைக்காமல் வைத்திருந்த, பாட்டு வெளுக்காத துண்டு ஒன்றையும் ஒரு மேசை மின்விசிறியையும் எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டி உள்ளே போனான். பலகை ஆணியில் துண்டை மாட்டி, எதிரே விசிறியை வைத்து, சுவிட்சைப் போட்டான். துண்டு படபடவென்று அடித்துக்கொண்டது.

"அனாவும் ஆவன்னாவும் ஆத்துக்குப் போச்சு!"

பாவாயியின் குரல். போன வருஷத்துக் குரல், களைக்காத குரல், முதல் தடவை மறுவரி வந்த சந்தோஷம் இன்னும் ஈரமாக இருந்த குரல். துண்டுக்குள்ளிருந்த பதில் எழும்புவதற்குள் நிற்கிற குழந்தைகளின் கைகள் தாமாகவே எழும்பின.

"போச்சு! போச்சு!"

வாசற்படியில் பாவாயி கேட்டுக்கொண்டிருந்தாள். வேலைநிறுத்தக் காலத்தில் பட்டறைக்குள் புகுந்த கருங்காலிகளை அவள் துடைப்பத்தோடு துரத்தியிருக்கிறாள். சந்து முனையில் நின்று பேர் சொல்லிச் சபித்திருக்கிறாள். ஒருவன் அவள் சித்தப்பா மகன். அவன் கல்யாணத்துக்கு அவள் போகவில்லை, அவன் சாவுக்கும் போகவில்லை. இப்போது இந்த ஊரின் கடைசிக் கருங்காலி அவளுடைய தொண்டையிலிருந்து கிளம்பி, அவளைத் தாண்டி, உள்ளே போய் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. யாரைத் துரத்துவது? யாரைச் சபிப்பது? தறிகள் ஓடின. அர்த்தநாரி வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, குனிந்து அவள் காதருகே கத்தினான்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நீங்க வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

அவள் அன்று நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. வெயில் படியேறி அவள் மடியில் உட்கார்ந்து இறங்கிப் போனது. உள்ளே அவளே அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் இல்லாமலே இது நடக்கும் என்று அவளுக்கு விளங்கியது. நான் செத்தாலும் நடக்கும், துண்டு வெளுத்தால் வேறு துண்டு, குழந்தை வளர்ந்தால் வேறு குழந்தை.

பிறகு எழுந்து உள்ளே போனாள். துண்டைப் பிடுங்கப் போகிறாள் என்று நினைத்து வாத்தியார் பலகைக்குக் குறுக்கே வந்து நின்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பலகைக்கு எதிர்ப்பக்கம் நடந்து, முன்வரிசையில் தங்கமயிலுக்குப் பக்கத்தில் போய், குழந்தைகளோடு குழந்தையாக நின்றாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டத்தை அவள் பார்த்ததே இல்லை. முன்னால் நின்று கூப்பிடுகிறவளுக்கு முகங்கள் தெரியும், கால்கள் தெரியாது. கீழே பார்த்தாள். குழந்தைகள் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அப்போது மின்சாரம் போனது.

விசிறி சுற்றித் தளர்ந்தது. துண்டு பாதி வரியில் தொங்கியது. நாலு பக்கமும் தறிகள் ஒவ்வொன்றாக நின்று, அந்த ஊருக்குப் பழக்கமில்லாத அமைதி, உருவிய கல் ஓட்டைகளின் வழியாக உள்ளே வந்தது. குழந்தைகளுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. தங்கமயில் பாவாயியின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சரக்கா, அடுத்தது என்ன?"

பாவாயியின் வாய் திறந்தது. அடுத்த வரி நாக்கு நுனியில் வந்து நின்றது. எப்போதும் அப்படித்தான், வாழ்நாள் முழுக்க அடுத்த வரி அவளுக்கு வராமல் இருந்ததில்லை. அந்த வரியை அவள் விழுங்கினாள். பட்டினி கிடந்தவள் சோற்றைத் தள்ளிவைப்பது போல இருந்தது.

"எனக்குத் தெரியாது கண்ணு. நீ கூப்பிடு."

"நானா?"

"நீதான். உனக்கு என்ன வேணுமோ அதைக் கூப்பிடு."

தங்கமயில் சுற்றிப் பார்த்தாள். வலது கையை, பாவாயி தூக்குகிற மாதிரியே, பாதி தூக்கினாள். குரல் கம்மலாக வந்தது.

"ரெண்டாப்புக்குப் போகோணும்."

ஒருவரும் பதில் சொல்லவில்லை. தெரிந்த குரல் கூப்பிட்டால்தான் அவர்களுக்குப் பதில் வரும். குழந்தையின் கை இறங்கத் தொடங்கியது. கூப்பிட்டு மறுவரி வராத கை எவ்வளவு கனக்கும் என்று பாவாயிக்குத் தெரியும். தன் பிறப்பில் ஒரு நாளும் இன்னொருவர் கூப்பிட்ட வரிக்குப் பதில் சொல்லாத பாவாயி, கூட்டத்தில் ஒருத்தியாக நின்று, கையைத் தூக்கினாள்.

"போகோணும்! போகோணும்!"

தங்கமயில் நிமிர்ந்தாள். இந்தத் தடவை கத்தினாள், இந்தத் தடவை நாலைந்து பேர் சொன்னார்கள், அதற்கடுத்த தடவை எல்லாரும் சொன்னார்கள். பின்வரிசையில் ஒருவன் தானும் கூப்பிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, "காலு ரெண்டும் நோவுது!" என்றான், "நோவுது! நோவுது!" என்றது வகுப்பு. இன்னொருத்தி, "ஒண்ணுக்கு ரொம்ப முட்டுது!" என்று கூப்பிட்டாள். அதற்கு வந்த பதிலில்தான் எல்லாவற்றிலும் அதிக உண்மை இருந்தது. இந்த நேரத்தில் மின்சாரம் வந்தது. விசிறி சுற்றியது, தறிகள் எழுந்தன, துண்டு தன் பாதி வரியிலிருந்து மறுபடி கூப்பிட்டது. துண்டு கூப்பிட்டதற்கு இப்போது பதில் சொல்ல ஆள் இல்லை. அவர்கள் அவரவர் வரியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், தறிகள் அதை நெய்துகொண்டிருந்தன.

அர்த்தநாரி ஓடி வந்தான். பேனா பையிலிருந்து நழுவி விழுந்தது, எடுக்கவில்லை.

"அக்கா! நிறுத்தச் சொல்லுங்கக்கா!"

"நான் கூப்பிடலீங்க முதலாளி" என்றாள் பாவாயி, கூட்டத்துக்கு நடுவிலிருந்து. "பதில் மட்டுந்தான் சொல்றேன்."

அந்த வாரத்துத் துண்டுகள் ஊர் ஊராகப் போயின. பெற்றவள் குழந்தையைச் சுற்றினால் துண்டு கால் வலிக்கிறது என்றது. சலூனில் உதறினால், ஒண்ணுக்கு முட்டுகிறது என்றது. உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போய்விட்டு வந்தார். ஒரு பெரிய வீட்டில், விருந்துக்கு வந்தவர் கை துடைத்த துண்டு, ரெண்டாப்புக்குப் போக வேண்டும், போக வேண்டும் என்று அழாக்குறையாகச் சொல்லிக்கொண்டே இருந்ததில் அவர் சாப்பிட்டது இறங்கவில்லை. மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்பினார்கள். சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிற துண்டுக்கு நல்ல விலை உண்டு. வாயைத் திறந்து எதையாவது கேட்கிற துண்டை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். லாரிக்காரர்கள் மட்டும் கொஞ்சம் வாங்கினார்கள், தூக்கம் வராமல் இருக்க.

அதன் பிறகு நடந்ததைச் சொல்வதற்கு அதிகம் இல்லை. தறிகளைச் சுவரோரத்திலிருந்து நகர்த்தினார்கள். ஓட்டைக்குக் கல் வைத்துப் பூசினார்கள். கூடுதலாக வந்த கூலி நின்றது. சின்னராசு லைன் வீட்டு வாசலில் வந்து, அக்கா என்று ஆரம்பித்து, வாயில் வந்ததெல்லாம் கத்திவிட்டுப் போனான்; பாவாயி கதவைத் திறந்துவைத்துக்கொண்டே கேட்டாள். முறையாகப் படித்த புது டீச்சர் ஒருவரை, படம் போட்ட அட்டைகளோடு அனுப்பினார்கள். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு, நீ இனிமேல் வர வேண்டாம் பாவாயி என்றார். வீடுகளில் இருந்த பழைய துண்டெல்லாம் துவைத்துத் துவைத்து வெளுத்து, மழைக்காலம் முடிவதற்குள் வெறும் துண்டாகி, கரிச்சட்டி பிடிக்கப் போயின. அவளுடைய குரல் அந்த ஊரில் எங்கேயும் இல்லாமல் போனது. குழாயடியில் அவளுடைய குடத்துக்கு முன்னும் பின்னும் ஒரு குடம் அளவுக்கு இடம் விட்டார்கள். ஊருக்குக் கிடைத்ததைக் கெடுத்தவள் என்று பேர்.

ஒன்றாம் வகுப்பு இரண்டாம் வகுப்பானது. கரட்டுக்கு அந்தப் பக்கம் போகும் வழி லைன் வீடுகளைத் தாண்டித்தான். பாவாயி உள்ளே கழிவு நூலோடு உட்கார்ந்திருப்பாள், குழந்தைகள் போகும் சத்தம் தூரத்தில் வந்து, கதவருகே பெரிதாகி, கரட்டுப் பக்கம் சிறிதாகும். அவர்கள் கூப்பிடுவது அவள் கட்டிய பாட்டு எதுவும் இல்லை. வழியில் கண்டதையெல்லாம் தங்கமயில் அங்கேயே கட்டிக் கூப்பிட்டாள், பதிலை மற்றவர்கள் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"சந்துக்குள்ள ரெண்டு ஆடு, சாக்கடையோரம் மூணு ஆடு!"

"அஞ்சு! அஞ்சு!"

பதில் சொல்ல அவர்களுக்கு ஆள் போதும். பாவாயி சிக்கெடுத்துக்கொண்டே இருந்தாள்.

"கம்பி மேல நாலு குருவி, கரட்டு மேல அஞ்சு குருவி!"

அவள் விரல் நின்றது. நாலு. அதோடு அஞ்சு. பள்ளிக்கூடம் போகாத விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழந்தைகள் பதில் சொல்லி முடித்து நடந்துவிட்டார்கள். கதவுக்குள்ளிருந்து, எல்லாருக்கும் பிந்தி, யாருக்கும் கேட்காது என்ற நினைப்பில் அவள் சொன்னாள்.

"ஒம்பது. ஒம்பது."

சந்து முனையில் தங்கமயில் நின்றுவிட்டாள். தூக்கிய கையைத் தூக்கியபடியே வைத்து, அடுத்த வரிக்காகத் துள்ளிக்கொண்டிருந்தவர்களை, இருங்க, இருங்க என்று அடக்கினாள். ஊர்வலத்தின் வாலில் இருப்பவன் சொல்லி முடிக்கும் வரை அடுத்த வரியைக் கூப்பிடக் கூடாது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

"இன்னும் ஒருத்தங்க சொல்றாங்க" என்றாள். சொல்லி முடியும் வரை காத்திருந்துவிட்டுக் கூப்பிட்டாள்.